வீசிங் இல்லாத நாட்களின் வேலை

ஐப்பசி மழை தொடங்கியதும் குழந்தைகள் மருத்துவமனைகளில் நெபுலைசர் அறைக்கு முன்னால் வரிசை நீளும். தோளில் சாய்ந்த பிள்ளை, கையில் பழைய சீட்டுகள் அடங்கிய ஃபைல், இரவு முழுக்கக் கண்விழித்த அம்மா. பத்து நிமிடம் மருந்து ஏறியதும் இழுப்பு அடங்குகிறது. பிள்ளை சிரிக்கிறது, வீடு திரும்புகிறார்கள். அடுத்த சளிக்கு மறுபடியும் அதே வரிசை. இந்த இரண்டு வரிசைகளுக்கும் நடுவே பிள்ளை ஓடியாடித் திரியும் வாரங்கள் இருக்கின்றன. ஆஸ்துமாவை அடக்கும் வேலையில் பெரும்பங்கு அந்த வாரங்களில்தான் நடக்க வேண்டும். நம் வீடுகளிலோ பிள்ளை நன்றாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்துவதும் அதே வாரங்களில்தான்.

ஏன் நிறுத்தக்கூடாது? ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் லேசாக வீங்கியே இருக்கிறது. தூசி, புகை, சளி வைரஸ், குளிர்காற்று என்று ஏதாவது ஒன்று பட்டால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் மேலும் வீங்குகிறது, உள்ளே சளி சுரக்கிறது. காற்று போகும் வழி குறுகி 'உய்ய்' என்ற சத்தம் கேட்கிறது. நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும். அதன் பலன் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை. வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து வேறு. அதை நாள்தோறும், சத்தம் எதுவும் கேட்காத காலத்திலும் கொடுத்தாக வேண்டும். இன்ஹேலரில் கொடுக்கும்போது முந்தையதை அவசர பஃப் என்றும், பிந்தையதைத் தினசரி பஃப் என்றும் இங்கே சொல்வோம். வீட்டிலும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். தாத்தா, பாட்டி, டியூஷன் அக்கா எல்லோருக்கும் குழப்பமில்லாமல் புரியும்.

இது ஆஸ்துமாதானா?

சிறு குழந்தைகளுக்குச் சளியோடு வரும் வீசிங் எல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது. அமெரிக்காவின் டூசான் நகரில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளியானது. மூன்று வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு ஒரு முறையாவது வீசிங் வந்திருந்தது. அவர்களில் சுமார் பத்தில் ஆறு பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில் உங்கள் பிள்ளை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சளி இல்லாத நாளிலும் இருமுகிறதா? ஓடினால், வயிறு குலுங்கச் சிரித்தால், அழுதால் இருமல் வருகிறதா? பின்னிரவில் இருமி எழுந்திருக்கிறதா? தோலில் கரப்பான், காலையில் அடுக்குத் தும்மல் உண்டா? அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆஸ்துமா அல்லது அலர்ஜி இருந்ததா? இவற்றில் இரண்டு மூன்றுக்கு 'ஆம்' என்றால் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: 'டாக்டர், இது ஆஸ்துமாவா?' பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்று 'அலர்ஜி இருமல்', 'லேசா வீசிங்' என்பதோடு நிறுத்திக்கொள்ளும் மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு தடுமாற்றமும் உண்டு. அடிக்கடி இருமும், எடை ஏறாத பிள்ளைக்கு 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று சொல்லி ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதுவது. பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பது காசநோயின் தொடக்கநிலை. எக்ஸ்ரே, மான்டூ ஊசி, சளி அல்லது இரைப்பை நீர்ப் பரிசோதனை, வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கிறதா என்ற விசாரணை ஆகியவற்றை வைத்து முடிவு செய்ய வேண்டிய நோய் அது. மீண்டும் மீண்டும் இழுப்பு வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அந்த மாத்திரையை எழுதினால், எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்டீராய்டு என்ற பயம்

தினசரி பஃப் என்பது பெரும்பாலும் பியூடசோனைடு, ஃப்ளூடிகசோன், பெக்ளோமெத்தசோன் ஆகியவற்றில் ஒன்று. மூன்றும் ஸ்டீராய்டுதான். இந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் மருந்துச் சீட்டை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். வாய்வழி கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவு மில்லிகிராமில் இருக்கும். பஃபின் அளவு மைக்ரோகிராமில், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கில் இருக்கும். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. பஃப் நேரே நுரையீரலுக்குப் போகிறது. பஃபுக்குப் பயந்து அதை நிறுத்தும் பிள்ளைக்குத்தான் இழுப்பு முற்றி, வருடத்தில் நாலைந்து முறை மாத்திரையும் ஊசியும் தேவைப்படுகின்றன. பயந்த ஸ்டீராய்டு அந்த வழியாகப் பல மடங்காக உள்ளே போய்விடுகிறது.

பக்கவிளைவே இல்லை என்று சொன்னால் அது பொய். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வில், 5 முதல் 13 வயதுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பியூடசோனைடை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கொடுத்தார்கள். அவர்கள் வளர்ந்து பெரியவர்களானபோது, மருந்து எடுக்காதவர்களைவிட உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது என்று 2012-இல் வந்த முடிவு சொல்கிறது. இரவில் தூங்கும் பிள்ளை, பள்ளியைத் தவறவிடாத பிள்ளை, விளையாடும் பிள்ளை ஆகிய மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் விலை அது. என் பார்வையில் அது அதிகமில்லை. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து குறித்துவையுங்கள். நிலைமை மூன்று மாதம் அடங்கியிருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். குறைக்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

இன்ஹேலருக்கு அடிமையாகிவிடுவார்கள் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. அடிக்கடி தேவைப்படும் அவசர பஃப் அடிமைத்தனத்தின் அடையாளமல்ல. வீக்கம் அடங்கவில்லை என்பதன் அடையாளம். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு முறைக்கு மேலும், அதற்குக் குறைந்த வயதில் ஒரு முறைக்கு மேலும் அது தேவைப்பட்டால், அல்லது இருமலால் இரவில் விழிப்பு வந்தால், தினசரி மருந்தைப் பற்றி மறுபடி பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மான்டிலூகாஸ்ட் என்ற மெல்லும் மாத்திரையைப் பலரும் விரும்புகிறார்கள், பஃப் இல்லை என்பதால். சில பிள்ளைகளுக்கு அதனால் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மாத்திரை தொடங்கிய பிறகு பிள்ளையின் குணம் மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பஃப் நுரையீரலுக்குப் போகிறதா?

மருந்து சரியாக இருந்தும் நோய் அடங்காத வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது கொடுக்கும் முறையை. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் குழாய் இல்லாமல் நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டி வயிற்றுக்குப் போய்விடும். பெரியவர்களுக்கே கைவராத வித்தை அது. பிள்ளைகளுக்கு ஸ்பேசர் இல்லாத இன்ஹேலரை வாங்கவே வாங்காதீர்கள். ஏறக்குறைய நான்கு வயது வரை மாஸ்க் உள்ள ஸ்பேசர், அதன் பிறகு வாயில் கவ்விக்கொள்ளும் ஸ்பேசர்.

மூடியைக் கழற்றி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கத்தில் பொருத்துங்கள். பிள்ளையை நேராக உட்காரவைத்து, மாஸ்க் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பதியும்படி பிடியுங்கள். ஒரே ஒரு பஃப் அழுத்துங்கள். பிள்ளை வழக்கம்போல ஐந்தாறு மூச்சு விடட்டும். ஸ்பேசரின் வால்வு அசைவதைப் பார்த்தே எண்ணலாம். அடுத்த பஃபுக்கு முன் மறுபடியும் குலுக்குங்கள். நேரம் மிச்சமாகும் என்று இரண்டு பஃபை ஒன்றாக அழுத்தினால் மருந்தில் கணிசமான பகுதி ஸ்பேசரின் சுவரில் ஒட்டிக்கொண்டு வீணாகும். தினசரி பஃப் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும். மாஸ்க் வைத்த இடத்தையும் துடைத்துவிடுங்கள். காலையும் இரவும் பல் தேய்ப்பதற்கு முன் என்று வைத்துக்கொண்டால் கொப்பளிப்பதும் மறக்காது, மருந்தும் மறக்காது.

அழும் குழந்தையை அமுக்கிப் பிடித்துக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும் மருந்து மிகக் குறைவு. மருந்து இல்லாத ஸ்பேசரை இரண்டு நாள் விளையாடக் கொடுங்கள். பொம்மைக்கு வைக்கட்டும், அப்பாவுக்கு வைக்கட்டும். சில குழந்தைகளுக்கு மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டே கொடுத்தால் போதும்.

புதிய ஸ்பேசரையும், பிறகு மாதம் ஒருமுறையும், பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அப்படியே காற்றில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இன்ஹேலர் தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பகமான சோதனை அல்ல. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். எண்ணிக்கை காட்டும் கருவி இல்லையென்றால் கணக்கிடுங்கள். 200 பஃப் கொண்டது, காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் 50 நாள். தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

ஸ்பேசர் வாங்க வழியில்லாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் நுழையும் அளவு துளையிட்டு, ஓரத்தை இறுக்கமாக அடைத்து, அதையே ஸ்பேசராகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இழுப்போடு வந்த பிள்ளைகளுக்கு அது கடையில் வாங்கிய ஸ்பேசர் அளவுக்கே வேலை செய்தது. அந்த முடிவு 1999-இல் லான்செட் இதழில் வந்தது. வெளியூரில் ஸ்பேசரை மறந்துவிட்ட இரவிலும் இது கைகொடுக்கும். லேசான, நடுத்தர இழுப்புக்கு நெபுலைசரைவிட ஸ்பேசர் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. மூவாயிரம் ரூபாய் போட்டு நெபுலைசர் வாங்கும் முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

வீட்டில் எதை முதலில் மாற்றுவது?

அலர்ஜிக்கென்று வீட்டையே கவிழ்த்துப் போடும் பெற்றோர் உண்டு. மூன்று மாதத்தில் களைத்து எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். அதனால் வரிசை முக்கியம்.

முதலாவது புகை. அதிலும் கொசுவர்த்தி. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வெளியிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவை அடைத்து, கட்டிலுக்கடியில் சுருளைக் கொளுத்திவைத்துப் பிள்ளையைத் தூங்கவைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள். குளித்த தலைக்குச் சாம்பிராணி காட்டுவதும் இதே கணக்கில்தான் வரும். தலை துவட்டத் துண்டு போதும். பூசையறை ஊதுபத்தியைப் பற்றிப் பெரியவர்களோடு சண்டை வேண்டாம். விளக்கு மட்டும் ஏற்றுவோம் என்றால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், அல்லது பிள்ளை பள்ளியில் இருக்கும்போது ஏற்றட்டும். அப்பா வாசலில் நின்று புகைத்தாலும் சட்டையிலும் மூச்சிலும் அது உள்ளே வருகிறது. போகி அன்று விடியலிலும் தீபாவளி இரவிலும் சன்னல்களை அடைத்து, பிள்ளையை உள்ளறையில் வைத்திருங்கள். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் திணறின.

இரண்டாவது படுக்கை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று, காற்றின் ஈரத்தைக் குடித்து வாழ்வது. அதன் எச்சம்தான் அலர்ஜி தருகிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று அதற்கு மிக உகந்தது. வாரம் ஒருமுறை விரிப்பையும் உறையையும் 55 டிகிரிக்கு மேல் சூடான நீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்த் துவையலில் அது சாகாது. பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிள்ளையின் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். மிருதுவான பொம்மைகள் ஒன்றிரண்டு போதும், அவையும் துவைக்கக்கூடியவையாக இருக்கட்டும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். பெருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு.

மூன்றாவது கரப்பான்பூச்சி. இதை நம்மில் பலர் அலர்ஜிப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் அதன் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைக் கிளறும் வலுவான பொருட்கள். சிங்க் அடியில் ஈரம், இரவில் கழுவாத பாத்திரம், மூடாத குப்பைக்கூடை ஆகிய மூன்றையும் ஒழித்துவிட்டு, மூலைகளில் ஜெல் வையுங்கள். ஸ்பிரே அடித்தால் அந்த நெடியே இழுப்பைக் கொண்டுவரும். மழையில் பூஞ்சை பூத்த சுவர், பூனை, நாய் ஆகியவை எல்லாம் இதற்குப் பிறகுதான். காட்டுச் செடிகளில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் மகரந்த அலர்ஜி தருபவை. அவற்றை ஒரு வீடு தனியாக ஒழிக்க முடியாது.

தைலம், கற்பூரம், ஆவி பிடித்தல் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல். ஆவி இழுப்பைக் குறைப்பதில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோய் வரும் பிள்ளைகள் உண்டு. கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவவே கூடாது. ஹைதராபாத்தில் ஜூன் மாதம் கொடுக்கப்படும் மீன் மருந்துக்கு நம் ஊரிலிருந்தும் ரயிலேறுபவர்கள் இருக்கிறார்கள். அது பலன் தருகிறது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நம்பிக்கையோடு போவதென்றால், தினசரி பஃபையும் பெட்டியில் எடுத்துக்கொண்டு போங்கள்.

சாப்பாடு

வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு, எலுமிச்சை, இளநீர் என்று எல்லாவற்றையும் 'குளிர்ச்சி' என்று நிறுத்திவிட்டு, பிள்ளை எடை ஏறவில்லை என்று கவலைப்படுகிறோம். பெரும்பாலான பிள்ளைகளின் ஆஸ்துமாவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஒரு குறிப்பிட்ட உணவைத் தின்ற ஒவ்வொரு முறையும், நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்போ வாந்தியோ மூச்சிரைப்போ வருகிறது என்றால் அது வேறு கதை. பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, கோதுமை, மீன், இறால் ஆகியவை அடிக்கடி சிக்குபவை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் 15 முதல் 20 நிமிடத்தில் விடை தெரியும். சோதனையில் 'பாசிட்டிவ்' வந்தாலும் தின்றால் ஒன்றும் செய்யாத உணவை நிறுத்தத் தேவையில்லை.

உடம்பெல்லாம் தடித்து, கூடவே மூச்சுத் திணறலோ தொடர் வாந்தியோ மயக்கமோ வந்தால் அது உயிர் காக்கும் நிமிடங்களின் விஷயம். அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றுதான். செட்டிரிசின் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பிள்ளையை எழுப்பி நடக்கவைக்காமல் படுக்கவையுங்கள். மூச்சு வாங்கினால் சாய்த்து உட்காரவையுங்கள்.

மூக்கைப் பற்றிச் சுருக்கமாக. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு மூக்கு அலர்ஜி இருக்கலாம். அதைக் கவனிக்காமல் ஆஸ்துமாவை மட்டும் அடக்க முயன்றால் பாதி வேலைதான் நடக்கும்.

இழுப்பு வந்துவிட்டால்

மருத்துவரிடமிருந்து எழுத்தில் ஒரு திட்டம் வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். பரவலாகப் பின்பற்றப்படுவது இது: உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக அவசர பஃப், ஒவ்வொன்றாக, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 2, அதற்கு மேல் 4. இருபது நிமிடம் பாருங்கள். தணியாவிட்டால் மறுபடியும். ஒரு மணி நேரத்தில் மூன்று சுற்று வரை கொடுக்கலாம். இரண்டாவது சுற்றிலும் தணியவில்லை என்றால் மூன்றாவதை ஆட்டோவில் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். தணிந்து மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சில அறிகுறிகளுக்கு இருபது நிமிடக் காத்திருப்பு கிடையாது. ஒரு வாக்கியத்தை முடிக்காமல் மூச்சு வாங்குவது, விலா எலும்புகளுக்கிடையிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்ளே இழுபடுவது, கைக்குழந்தை பால் குடிக்க மறுப்பது, உதடு நீலமாவது, துவண்டு தூங்கி விழுவது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் 92-க்குக் கீழே காட்டுவதும் இதில் சேரும். இவற்றில் எது இருந்தாலும் பஃபைக் கொடுத்துக்கொண்டே கிளம்புங்கள். இரைந்துகொண்டிருந்த பிள்ளையின் சத்தம் நின்று, ஆனால் அது சோர்ந்துபோனால், சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகாவிட்டால் சத்தமும் வராது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பழகுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-க்கு மேல் போனால் அது வேகமான மூச்சு.

இழுப்பின்போது இருமல் சிரப்பு கொடுக்காதீர்கள், வாயில் திணித்து எதையும் ஊட்டாதீர்கள்.

பள்ளியில்

'வீசிங் இருக்கு, பி.டி. பீரியட்ல உட்கார வச்சிடுங்க மிஸ்' என்று எழுதிக் கொடுக்கும் பெற்றோர் பலர். ஓடினால் இருமல் வருகிறது என்பது தினசரி மருந்து போதவில்லை என்று பிள்ளையின் உடம்பு சொல்லும் செய்தி. அதைச் சரிசெய்யுங்கள். விளையாட்டை நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொன்னால் ஓடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் அவசர பஃப் எடுத்துக்கொள்ளலாம். முதல் சில நிமிடம் மெல்ல ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொண்டால் பலருக்கு அதுவே போதும்.

வகுப்பாசிரியருக்கு ஒரே ஒரு பக்கக் காகிதம் கொடுங்கள். பிள்ளையின் பெயர், எதைக் கண்டால் பஃப் கொடுக்க வேண்டும், எத்தனை, எப்போது உங்களை அழைக்க வேண்டும், எப்போது உங்களுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஸ்பேசரில் கொடுப்பது எப்படி என்று ஒருமுறை நேரில் காட்டிவிட்டு வாருங்கள். பெயர் எழுதிய இன்னொரு இன்ஹேலரும் ஸ்பேசரும் பள்ளியிலேயே இருக்கட்டும். பூட்டிய அலமாரியில் வைத்துச் சாவியைத் தேட வேண்டியதாக இருக்கக் கூடாது. கோடை விடுமுறை முடிந்ததும் அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். சுற்றுலா நாளில் பிள்ளையின் பை பஸ்ஸின் டிக்கிக்குப் போய்விடும். அன்று மட்டும் மருந்து, உடன்செல்லும் ஆசிரியரின் கைப்பையில் இருக்கும்படி முதல் நாளே பேசிவையுங்கள்.